எட்டு மெகாபிக்சலும் அமாவாசை இருட்டும்

கேமரா வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மெகாபிக்சல் போடலாம்?" அடுத்தது, "போன்ல பாக்க முடியுமா?" அப்புறம் விலை. ராத்திரி ரெண்டு மணிக்கு அதில் என்ன தெரியும் என்று கேட்பவர்கள் அபூர்வம். ஆனால் எங்கள் பக்கம் ஆடு காணாமல் போவதும், கிணற்று மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போவதும், மாந்தோப்பில் புகுந்து மூட்டை கட்டுவதும் அந்த நேரத்தில்தான்.

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கேமரா விற்பது என் தொழில் இல்லை. டிவிஆர் (கேமராப் படம் பதிகிற பெட்டி) ஓடவில்லை, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, "அந்த ஒரு ராத்திரி ரெக்கார்டிங்கை மட்டும் எடுத்துக் குடு தம்பி" என்று வருகிறவர்கள்தான் அதிகம். விற்கிற கடையில் காட்டுவது பகல் படம். என்னிடம் வருவது திருட்டு நடந்த பிறகு வரும் ராத்திரிப் படம்.

அப்படி ஒன்று. குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு விற்கக் கட்டி வைத்திருந்த கிடாக்கள். கொட்டகைக்கு எதிரில் எட்டு மெகாபிக்சல் கேமரா. பகல் பதிவைப் போட்டுப் பார்த்தால் கட்டியிருந்த கயிற்றின் முறுக்கு வரை தெரிகிறது. நள்ளிரவு தாண்டி ஓர் ஆள் உள்ளே வருகிறான். உயரம் தெரிகிறது, கொஞ்சம் சாய்ந்து நடப்பது கூடத் தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணும் இல்லை மூக்கும் இல்லை, வெறும் சாம்பல் நிறம். ஆட்டுக்காரப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் பெருசு பண்ணுப்பா, எட்டு மெகாபிக்சல்னுதானே காசு வாங்குனாங்க" என்றார். பெரிசாக்கினேன். சாம்பல் நிறம் பெரிசானது.

அவரை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. பெட்டியில் போட்டிருந்தது எட்டு, உள்ளே இருந்ததும் எட்டுதான். சிக்கல் வேறு இடத்தில்.

கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கும் சென்சார் விரல் நகத்தை விடச் சின்னது. கடையில் கிடைக்கும் பெரும்பாலான கேமராக்களில் அது 1/2.8 அங்குல வகை. அதில் வெளிச்சம் வாங்கும் ஒவ்வொரு சின்னக் கட்டமும் ஒரு பிக்சல், பத்து லட்சம் பிக்சல் சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல். சோனியின் இரண்டு சென்சார்களை எடுத்துக்கொள்ளலாம், இரண்டும் இந்த அளவுதான். ஐஎம்எக்ஸ் 327 என்பது 2 மெகாபிக்சல், ஒரு பிக்சலின் அகலம் 2.9 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஐஎம்எக்ஸ் 415 என்பது 8 மெகாபிக்சல், பிக்சல் அகலம் 1.45 மைக்ரான். அகலம் பாதி என்றால் பரப்பு கால்வாசி. அதாவது ஒரே கிணற்றுத் தண்ணியை ஒரு வீட்டுக்காரர் பாய்ச்சிய இடத்தில் நாலு பங்காளிகள் முறை வைத்துப் பாய்ச்சுகிற கதை. மழைக்காலத்தில் யாருக்கும் குறையில்லை. சித்திரையில்தான் சண்டை வரும்.

விவரம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். மொத்த சென்சாரும் ஒரே அளவுதானே, நாலு பிக்சலைச் சேர்த்து ஒன்றாகப் பார்த்தால் கணக்கு சரியாகிவிடாதா? ஓரளவு சரியாகும். ஆனால் ஒவ்வொரு பிக்சலையும் படிக்கும்போது அதற்கென்று கொஞ்சம் இரைச்சல் சேரும், அதாவது படத்தில் இல்லாத புள்ளிகள். நல்ல வெளிச்சத்தில் அந்த இரைச்சல் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் கால்வாசி ஆனதும் அதுதான் முன்னால் வந்து நிற்கும். பிறகு இரைச்சலைத் துடைக்க கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் இறங்கும். அது துடைக்கும்போது புள்ளியோடு சேர்த்து மூக்கையும் துடைத்துவிடும். ஆட்டுக்காரர் பார்த்த சாம்பல் நிறம் அப்படி வந்ததுதான். மிக நல்ல கணக்கில் பார்த்தாலும், இருட்டில் அந்த எட்டு மெகாபிக்சல் இரண்டுக்குச் சமமாக வரலாம், மேலே போகாது. டிஸ்க்கில் மட்டும் எட்டுக்கு உண்டான இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இருட்டு என்றாலும் எல்லா இருட்டும் ஒன்றில்லை. ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். பௌர்ணமி நிலவு 0.1 முதல் 0.3 லக்ஸ் வரை. நிலவில்லாத தெளிவான வானத்தில் நட்சத்திர வெளிச்சம் மட்டும் இருந்தால் 0.001 லக்ஸ் சுமாருக்கு வரும். வெயிலுக்கும் அமாவாசைக்கும் பத்துக் கோடி மடங்கு வித்தியாசம். மாமரத்தடியில் அதிலும் குறைவு. கிருஷ்ணகிரி லண்டன்பேட்டையில் தெருவிளக்குக்குக் கீழே இருக்கும் கடையும், போச்சம்பள்ளி ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கும் தோப்பும் ஒரே கேமராவை வாங்கினால், யாரோ ஒருத்தருக்கு அது பொருந்தாது.

தோப்பு என்றதும் மாமா ஞாபகம் வருகிறார். அவருடையது பெங்களூரா ரக மாந்தோப்பு, கூழ் ஃபேக்டரிக்குப் போகிற காய். சீசனில் ராத்திரிக் காவலுக்கு ஆள் கிடைப்பதில்லை என்று கேமரா போட நினைத்தார். தெரிந்தவர்களிடம் இரண்டு கேமராவை இரவல் வாங்கி ஒரே கம்பத்தில் மேலும் கீழுமாகக் கட்டினோம். ஒன்று 8 மெகாபிக்சல், 1/2.8 அங்குல சென்சார், எஃப் 1.6 லென்ஸ். இன்னொன்று 4 மெகாபிக்சல், அதைவிடப் பெரிய 1/1.8 அங்குல சென்சார், எஃப் 1.0 லென்ஸ். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் துவாரம் பெரிசு, உள்ளே வரும் வெளிச்சமும் அதிகம். இந்த இரண்டாவதன் பிக்சல் அகலம் 2.9 மைக்ரான், அந்த 2 மெகாபிக்சல் சென்சாருக்கு இருக்கிற அதே அளவு. தோப்பு வீட்டு வாசலில் ஒரு 9 வாட் எல்இடி பல்பு, கேமரா பார்க்கிற இடத்திலிருந்து இருபது மீட்டர் தள்ளி. அந்தத் தூரத்தில் அதன் வெளிச்சம் கிட்டத்தட்ட பௌர்ணமி நிலவுக்குச் சமம். இன்ஃப்ராரெட்டை, அதாவது நம் கண்ணுக்குத் தெரியாமல் கேமரா தானே அடிக்கும் வெளிச்சத்தை, இரண்டிலும் அணைத்துவிட்டோம்.

முதலில் எல்லாவற்றையும் ஆட்டோ செட்டிங்கில் விட்டுப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தன. 8 மெகாபிக்சலில் மரத்தின் இலை கூடக் கொஞ்சம் கூர்மை. மாமாவுக்கு அதுதான் பிடித்தது. அப்போது மாமா பையனை ஒரு கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு குறுக்கே நடக்கச் சொன்னேன். கட்டம் போட்ட லுங்கி, வெள்ளை பனியன். 8 மெகாபிக்சல் படத்தை அவன் நடுவழியில் இருக்கும்போது நிறுத்தினேன். பனியன் ஒரு முழம் அகலத்துக்கு இழுபட்டிருந்தது. அவன் தலை வழியாகப் பின்னால் இருந்த வேலிக்கல் தெரிந்தது. "இவன் என்னப்பா பேயாட்டம் போறான்" என்றார் மாமா.

காரணம் ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சத்தை வாங்கும் நேரம். வெளிச்சம் போதவில்லை என்றால் கேமரா தானாகவே ஷட்டரை மெதுவாக்கும். நொடியில் 25ல் ஒரு பங்கு திறக்க வேண்டியது 6ல் ஒரு பங்கு, 3ல் ஒரு பங்கு என்று திறந்து கிடக்கும். சாதாரணமாக நடக்கிறவன் நொடிக்கு 1.4 மீட்டர் போவான். 1/6 நொடியில் 23 சென்டிமீட்டர். முகத்தின் அகலமே அவ்வளவு வராது. அசையாத மரத்துக்கும் சுவருக்கும் இதனால் ஒரு நஷ்டமும் இல்லை, பளிச்சென்று விழும். விளம்பரத்தில் "ராத்திரியிலும் கலர்" என்று காட்டும் தோட்டத்துப் படங்களில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

இரண்டிலும் ஷட்டரை 1/50ல் பூட்டி மறுபடி நடக்கவிட்டோம். 8 மெகாபிக்சல் கறுத்துப்போனது, பனியன் மட்டும் ஒரு வெளிறிய திட்டு. 4 மெகாபிக்சலில் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருந்தது, அழகான படம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் லுங்கியில் கட்டம் தெரிந்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிந்தது. தெரிந்தவன் என்றால் அடையாளம் சொல்லிவிடலாம்.

அப்புறம்தான் நான் காட்ட நினைத்ததைக் காட்டினேன். வாசல் பல்புக்கு ஒரு ஒயர் இழுத்து, இருபது மீட்டரிலிருந்து ஐந்து மீட்டருக்குக் கொண்டுவந்தோம். தூரம் கால்வாசி ஆனால் வெளிச்சம் பதினாறு மடங்கு. லென்ஸை எஃப் 2லிருந்து எஃப் 1க்கு மாற்றினால் கிடைப்பது நாலு மடங்குதான், அதற்குக் கொடுக்கும் காசு பல்புக்கும் ஒயருக்கும் ஆகும் செலவைப் போல எத்தனையோ பங்கு. பல்பு கிட்டே வந்ததும் 8 மெகாபிக்சல் கேமராவும் உயிர் வந்து எழுந்துவிட்டது. மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ பல்பு போட்டாலே திருடன் வரமாட்டானே, கேமரா எதுக்கு?" என்றார். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பல்பும் போட்டார், கேமராவும் போட்டார்.

ஷட்டர் கணக்கில் இன்னொரு விஷயம் இருக்கிறது. மெகாபிக்சல் வாதத்தை என் மனதில் முடித்துவைத்தது அதுதான். கேமரா ஷீட்களில் கண்டறிதல், கவனித்தல், தெரிந்தவரை உணர்தல், அடையாளம் காணுதல் என்று நாலு தூரம் போட்டிருப்பார்கள். ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையில் வந்த கணக்கு அது. ஒரு மீட்டர் அகலத்துக்கு 25, 62, 125, 250 பிக்சல். முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை அடையாளம் காண 250 பிக்சல் வேண்டும் என்றால், ஒரு பிக்சலுக்கு 4 மில்லிமீட்டர். 1/25 நொடி ஷட்டரில் குறுக்கே நடப்பவன் 5.6 சென்டிமீட்டர் நகர்கிறான், அதாவது பதினாலு பிக்சல் தூரம் இழுபடுகிறான். பிக்சலை இரண்டு மடங்கு நெருக்கினால் இருபத்தெட்டு பிக்சல் தூரம் இழுபடுவான். ராத்திரியில் ஷட்டரை வேகமாக வைக்க வழியில்லாத கேமராவில் கூடுதல் பிக்சலுக்கு வேலையே கிடையாது.

இதிலிருந்து காசு செலவில்லாத ஒரு வழியும் கிடைக்கிறது. குறுக்கே நடப்பவன்தான் இழுபடுவான். கேமராவை நோக்கி வருகிறவன் அவ்வளவு இழுபட மாட்டான். அதனால் வண்டிப்பாதை, கேட், கிணற்றுமேட்டு ஒற்றையடிப் பாதை, இப்படி ஆள் நேராக வந்தாக வேண்டிய இடத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு கேமராவையாவது வையுங்கள். உயரமும் முக்கியம். திருடிவிடுவான் என்று பயந்து பதினைந்து அடிக்கு மேலே மாட்டினால் கிடைப்பது தொப்பியும் உச்சந்தலையும்தான்.

சரி, பிக்சலே வேண்டாமா? வேண்டும், லென்ஸோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நாலு மீட்டர் அகல கேட்டை மட்டும் படம் பிடிக்கிற மாதிரி லென்ஸ் போட்டால், 1920 பிக்சல் அகலமுள்ள 2 மெகாபிக்சல் கேமராவிலேயே மீட்டருக்கு 480 பிக்சல் கிடைத்துவிடும். தேவை 250. அதே கேட்டோடு சேர்த்து இருபது மீட்டர் களத்தையும் ஒரே படத்தில் அடக்கினால் 8 மெகாபிக்சல் கேமராவில் கூட 192தான். கடையில் கேட்காமலேயே கொடுப்பது 2.8 எம்எம் லென்ஸ். நூறு டிகிரிக்கு மேல் விரிந்து பார்க்கும். போனில் பார்த்தால் "எல்லாம் கவர் ஆகுது" என்று திருப்தியாக இருக்கும், தூரத்து ஆள் கொசு அளவுக்கு இருப்பான். எம்எம் எண் கூடக் கூடப் பார்க்கும் அகலம் குறையும், ஆள் பெரிசாகத் தெரிவான். கேட்டுக்கு 6 எம்எம், இன்னும் தள்ளி என்றால் 12 எம்எம் என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் "ஆர்டர் போடணும், நாலு நாள் ஆகும்" என்பார். ஆகட்டும்.

8 மெகாபிக்சலைக் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்லும் இடங்களும் உண்டு. ராயக்கோட்டையிலோ பாலக்கோட்டிலோ தக்காளி மண்டி வைத்திருக்கிறவருக்கு, எந்த வண்டியில் எத்தனை பெட்டி இறங்கியது, யார் எண்ணியது, எந்தச் சீட்டு எந்தக் கையில் போனது என்பதுதான் பிரச்சினை. அங்கே வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. விடிவதற்கு முன் ஏலம் விட்டாலும் தலைக்கு மேல் விளக்கு எரியும். அகலமான இடம், பல பேர், சின்னச் சின்னப் பொருள். அங்கே 2 மெகாபிக்சல் போட்டால் பெட்டி எண்ணிக்கையில் சண்டை தீராது. நகைக்கடைக் கல்லா, மருந்துக்கடை, கல்யாண மண்டப வரவேற்பு எல்லாம் இதே ரகம். பெரிய சென்சாரில் 8 மெகாபிக்சலும் வருகிறது. 1/1.2 அங்குல வகை, பிக்சல் அகலம் அதே 2.9 மைக்ரான். பட்ஜெட் இருக்கிறவர் அதை வாங்கினால் இந்தக் கட்டுரையையே படிக்க வேண்டாம்.

தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் கதை வேறு. அங்கே ராகி அறுப்பு சமயத்தில் வருவது யானை. யானையின் முகத்தை அடையாளம் காண வேண்டியதில்லை, வந்திருக்கிறதா என்று தெரிந்தால் போதும். மீட்டருக்கு 25 பிக்சல் கணக்கே தாராளம். 2 மெகாபிக்சல், இருட்டில் நன்றாகப் பார்க்கும் சென்சார், தூரம் அடிக்கும் இன்ஃப்ராரெட், அவ்வளவுதான். ஆனால் கேமராவில் இருக்கும் "ஆள் வந்தால் அலாரம்" வசதியை நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது மனிதனையும் வண்டியையும் மட்டுமே அடையாளம் காணப் பழக்கப்பட்டது. யானை நின்று ராகியை மேய்ந்துகொண்டிருக்கும், கேமராவும் பார்த்துக்கொண்டே இருக்கும், போன் அடிக்காது.

இன்ஃப்ராரெட்டா கலரா என்பது அடுத்த சண்டை. ஹிக்விஷன் "கலர்வு", டாஹுவா "ஃபுல் கலர்" என்ற பெயர்களில் ராத்திரியும் வண்ணத்தில் காட்டுகிற கேமராக்களைக் கொண்டுவந்தன. பெரிய லென்ஸ் துவாரமும் வெள்ளை விளக்கும் சேர்ந்த ஏற்பாடு. வீட்டு வாசலுக்கு எனக்கு இது பிடிக்கும். சிவப்புச் சட்டையா நீலச் சட்டையா, எந்தக் கலர் வண்டி என்று சொல்ல முடிவது ஸ்டேஷனில் நிஜமாகவே உதவுகிறது. இன்ஃப்ராரெட்டில் கறுப்புச் சட்டை கூடத் துணியைப் பொறுத்து வெள்ளையாகத் தெரியும். அந்தப் பதிவை வைத்து "வெள்ளைச் சட்டை போட்டவன்" என்று தேடினால் கதை கெட்டது. வயலில் வெள்ளை விளக்கு வேறு விதத்தில் தொல்லை. பூச்சி வரும், பூச்சியைத் தேடிப் பல்லி வரும். புது மழைக்கு ஈசல் கிளம்பினால் படத்தில் ஈசல் மட்டும்தான். இப்போது இரண்டு விளக்கும் சேர்ந்து வருகின்றன. சாதாரணமாக இன்ஃப்ராரெட், ஆள் தெரிந்தால் மட்டும் வெள்ளை. தோப்புக்கு நான் இதைத்தான் சொல்வேன். திடீரென்று முகத்தில் வெளிச்சம் அடித்தால் பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள்.

இன்ஃப்ராரெட்டிலும் இரண்டு அலைநீளம். 850 நானோமீட்டர் என்றால் விளக்கில் மங்கலான சிவப்பு தெரியும். 940 என்றால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் சென்சாருக்கும் அது அவ்வளவாகத் தெரியாது, அடிக்கிற தூரம் நன்றாகக் குறையும். ஒளித்துவைக்க வேண்டிய அவசியம் இல்லாதவர்களுக்கு 850 போதும்.

கேமரா முன்னால் மாங்கிளை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் இன்ஃப்ராரெட் அதில் பட்டுத் திரும்பும். கேமரா "ஆகா, வெளிச்சம் அதிகம்" என்று நினைத்து எல்லாவற்றையும் குறைத்துக்கொள்ளும். வெள்ளை வெளேரென்று நாலு இலை, பின்னால் கும்மிருட்டு. சிலந்தி வலை, சன்ஷேட் ஓரம், வெள்ளையடித்த தூண் எல்லாம் இதே வேலையைச் செய்யும். மார்கழி தை மாதத்தில் ஓசூர், தளி பக்கம் இறங்கும் பனியில் கேமராவின் சொந்த விளக்கே அதற்கு எதிரி. வழி ஒன்றுதான், தனி இன்ஃப்ராரெட் விளக்கை வாங்கிக் கேமராவிலிருந்து ரெண்டு மூன்று மீட்டர் தள்ளி மாட்டி, கேமராவின் விளக்கை அணைத்துவிடுவது. எட்டு மெகாபிக்சலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசை இந்த விளக்கில் போட்டால் ராத்திரிப் படம் அந்தக் காசுக்கு உண்டான பலனைக் காட்டும்.

வண்டி நம்பர் தனிக் கதை. ஹைவேயை ஒட்டிக் கடை வைத்திருக்கிறவர்கள், "4கே போட்டா நம்பர் விழுந்துடுமில்ல?" என்பார்கள் (4கே என்பது அதே எட்டு மெகாபிக்சல்தான்). விழாது. ஹெட்லைட் எரிய வருகிற வண்டியின் நம்பர் பிளேட்டை ராத்திரியில் பிடிக்க 1/500க்குக் குறையாத ஷட்டர் வேண்டும், குறுகிய இடத்தை மட்டும் பார்க்கும் லென்ஸ் வேண்டும், நேராக இன்ஃப்ராரெட் அடிக்க வேண்டும். அப்படி வைத்தால் பிளேட் மட்டும் பளிச்சென்று விழும், மற்றதெல்லாம் கறுப்பு. ஆளைப் பிடிக்க ஒன்று, நம்பரைப் பிடிக்க ஒன்று என்று இரண்டு கேமரா ஆகிவிடும். ஒரே கேமராவில் இரண்டும் வேண்டும் என்றால் ராத்திரியில் இரண்டுமே உருப்படியாகக் கிடைக்காது.

படம் பதிகிற பெட்டியையும் பாருங்கள். 5 மெகாபிக்சல் கேமரா மாட்டிவிட்டு, 1080என் என்ற முறையில் மட்டும் பதிகிற டிவிஆரைக் கீழே வைத்திருப்பார்கள். அகலத்தில் பாதிக்கு மேல் பிக்சலைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் அது பதியும். என் கடைக்கு வரும் பெட்டிகளில் இது சர்வசாதாரணம். டிஸ்க் கணக்கு எளிது. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் நாளைக்கு 10.8 ஜிபி. 8 மெகாபிட்டில் ஓடும் கேமரா ஒன்று நாளைக்கு 86 ஜிபி. அப்படி எட்டுக் கேமரா போட்டால் 2 டிபி டிஸ்க் மூன்று நாள் தாங்காது. தோப்பில் ஒயர் போனதை நாலாவது நாள் மோட்டார் போடப் போகும்போது கண்டுபிடிக்கிற நம் ஊரில், மூன்று நாள் பதிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதில் இருட்டுக்கும் பங்கு உண்டு. இரைச்சல் புள்ளிகள் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறுவதால், படத்தைச் சுருக்கும் மென்பொருள் அவற்றையும் அசைவு என்றே எடுத்துக்கொள்கிறது. டிஸ்க்கில் கணிசமான இடம் புள்ளிக்கே போகும்.

"பகல்ல நல்லா ஓடுது, ராத்திரி ஆனா கேமரா அணைஞ்சு அணைஞ்சு எரியுது" என்று வருகிறவர்களுக்கு நான் கேமராவைத் திறப்பதே இல்லை. இருட்டியதும் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிய ஆரம்பித்துக் கரண்ட் அதிகம் இழுக்கும். அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் அறுபது மீட்டர் தூரம் முக்கால் ஆம்பியர் போனால், போக வர சுமார் 3 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட்டில் கிளம்பியது 9க்கு வரும், கேமரா மயங்கி விழும். அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய மலிவு ஒயர் என்றால் இன்னும் மோசம். தூரம் அதிகம் என்றால் ஐபி கேமராவும் (நெட்வொர்க் கேபிளில் ஓடுவது) பிஓஇ ஸ்விட்சும் (அதே கேபிளில் கரண்ட் கொடுப்பது) போடுங்கள். ஒரே கேபிளில் கரண்டும் படமும் போகும், நூறு மீட்டர் வரை கவலையில்லை.

வாங்கும்போது பெட்டியில் "0.0005 லக்ஸ்" என்று போட்டிருப்பதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். எந்த ஷட்டரில், எவ்வளவு இரைச்சலோடு அந்த எண் வந்தது என்று அதில் பெரும்பாலும் இருக்காது. ஷட்டரைத் திறந்து வைத்தால் எந்தக் கேமராவும் எந்த எண்ணையும் எட்டும். சென்சார் அளவு, எஃப் எண், லென்ஸ் எம்எம், இந்த மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சென்சார் அளவைச் சொல்லாத பெட்டி என்றால் அது சின்னது என்றே வைத்துக்கொள்ளலாம். 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் தயாரிக்கும், இறக்குமதி செய்யும் சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். அதைக் காட்டி "கவர்ன்மெண்ட் டெஸ்ட் பாஸ் ஆன கேமரா" என்று விற்கிறார்கள். அந்தச் சோதனை கேமராவுக்குள் வெளியாள் நுழையாமல் இருப்பதைப் பற்றியது. அவசியமானதுதான், ஆனால் ராத்திரிப் படத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

முடிந்தால் கடைக்காரரிடம் ஒரு கேமராவை ஒரு ராத்திரிக்கு இரவல் கேளுங்கள். நல்ல பழக்கம் இருந்தால் கொடுப்பார். உங்கள் வீட்டுப் பையனை மாட்டப்போகும் இடத்தில் நடக்கவிட்டு, ஓடவிட்டு, அந்தப் பதிவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஓடும் படத்தில் கண் பல குறைகளை மன்னித்துவிடும்.

ஃபிட்டர் வருகிற நேரமும் கணக்கில் உண்டு. எல்லாரும் காலையில் வந்து மாட்டி, பகல் வெளிச்சத்தில் ஃபோகஸ் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மலிவான லென்ஸில் இன்ஃப்ராரெட் குவிகிற இடம் கொஞ்சம் தள்ளிப்போகும். பகலில் கூர்மையாக இருந்தது ராத்திரியில் மங்கும். கையால் ஃபோகஸ் திருப்புகிற ரகம் என்றால் இருட்டிய பிறகு ஒருமுறை திருப்பியே ஆக வேண்டும். மாட்டுகிற வேலையைச் சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிக்கச் சொல்லுங்கள், ஏழரை வரை இருந்து ஷட்டரைப் பூட்டி, ஃபோகஸ் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். கூடுதல் கூலி கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள், ஒரு டீயும் வாங்கிக் கொடுங்கள்.